பதினைந்து நாளில் ஆமை காக்க முடியுமா?

நம் சங்க அன்பர்களின் பிள்ளைகள் சிலர் இப்போது விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று போவதில்லை. அந்தமானுக்கு ஆமை காக்கப் போகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்து அதைத் தொண்டு என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

லிட்டில் அந்தமான், கிரேட் நிக்கோபார் கரைகளில் குளிர்கால மாதங்களில் லெதர்பேக் என்னும் ஏழுவரி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஐந்நூறு கிலோவுக்கு மேலும் வளரும் பிராணி. இரவெல்லாம் மணலில் நடந்து தடம் பார்க்க வேண்டும், ஓட்டை அளக்க வேண்டும், குழியைக் குறித்துக்கொள்ள வேண்டும். முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிற இடங்களில், இட்ட சில மணி நேரத்துக்குள் புரட்டாமல் மாற்ற வேண்டும். தாமதித்து எடுத்துப் புரட்டினால் கரு செத்துவிடும். குஞ்சு வெளிவர ஏறத்தாழ 60 நாள். பதினைந்து நாள் தொண்டர் தாம் காவல் இருந்த குழி என்ன ஆயிற்று என்று பார்க்காமலே கப்பலேறிவிடுகிறார்!

ரயில்வேயில் மழைக்கால இரவு ரோந்து உண்டு. எந்தக் கட்டிங்கில் மண் சரியும், எந்தப் பாலத்தில் வெள்ளம் முதலில் ஏறும் என்பதெல்லாம் பல மழை பார்த்த கேங்மேனுக்குத்தான் தெரியும். டிப்ளமாவோடு வந்த நாங்கள் அவரிடம்தான் கற்றோம். அந்தமான் கரைகளில் அந்த இடத்தில் இருப்பவர்களில் பலர் கரேன் மக்கள். 1920களில் பர்மாவிலிருந்து மாயாபந்தர் பக்கம் குடியேறியவர்களின் வாரிசுகள். தொண்டு செய்யப் பணம் கட்டச் சொல்லும் ஏற்பாடுகளும் உண்டு. கட்டுங்கள், தப்பில்லை. அதில் எவ்வளவு இவர்கள் கூலிக்குப் போகிறது என்பதையும் கேளுங்கள்.

சதீஷ் பாஸ்கர் என்று ஒருவர். சென்னை ஐ.ஐ.டி. படிப்பை விட்டுவிட்டு ஆமைகளின் பின்னால் போனவர், 2023-இல் காலமானார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் சுஹேலியில், ஆளில்லாத தீவில், மாதக்கணக்கில் தனியாக இருந்தார். மனைவிக்குக் கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் அனுப்பிவைத்தார். சினிமா மாதிரி இருக்கிறது, ஆனால் நடந்தது. இத்தனை ஆமை, இந்தக் கரை, இந்த வருஷம் என்று அவரைப் போன்றவர்கள் எழுதி வைத்ததே இன்றைக்கும் ஆதாரம்.

அந்த ஆதாரம் இப்போது மிக வேண்டியிருக்கிறது. 2004 சுனாமியில் போன கலாத்தியா மணற்கரை மீண்டும் சேர்ந்து, ஆமைகளும் திரும்பின. 2021-இல் அந்த விரிகுடாவின் சரணாலய அந்தஸ்து நீக்கப்பட்டது. 2022-இல் துறைமுகத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. இங்கே வாதாட வருஷக்கணக்கான பதிவு வேண்டும். போட்டோ ஆல்பம் போதாது.

போகிறவர்கள் ஒரு சீசன் முழுக்க இருங்கள். முடியாதவர்கள் கப்பல் கட்டணத்தை அங்கே நடப்பவருக்கு அனுப்பலாம். முகாம்களில் ஜெனரேட்டர், பம்ப், படகு எஞ்சின் என்று பழுதுக்குப் பஞ்சமிருக்காது. நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற மெக்கானிக்கல் ஆசாமிகள் இத்தனை பேர் இருக்கிறோமே? என் முழங்கால் மணலில் நடக்க விடாது. ஸ்பானர் பிடிக்க அது தடையில்லை.