வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி

தேர்தல் நாள் அறிவிக்கப்பட்டதும் நம் வீட்டு வாசல்களில் விருந்தினர் வருகை பெருகிவிடுகிறது. ஐந்தாண்டுக் காலம் கண்ணில் படாதவர்களும் அப்போது கைகூப்பி நிற்கின்றனர். குழந்தையை வாரி எடுக்கின்றனர். போகும்போது ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் திணித்துச் செல்கின்றனர். நம்மில் பலர் அதைப் படிப்பதில்லை. படிக்க வேண்டும் என்பதே இம்மாதம் நான் வாசகர்கள்முன் வைக்கும் விண்ணப்பம். அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல், பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறத்துத் தொகுதிகளில், முகப்பில் எந்தச் சின்னம் அச்சிடப்பட்டிருந்தாலும், அத்தாளின் உள்ளே பெரும்பாலும் மூன்று செய்திகள் இருக்கும். பிள்ளைகளுக்குக் கல்வி, இளைஞருக்கு வேலை, அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் நீதி.

இவை மூன்றும் மூன்று தனித்தனித் துறைகள் என்று கட்சிகள் எண்ணுகின்றன. நம் பகுதியிலோ அவை ஒரே கூரையின் கீழ் குடியிருக்கின்றன. ஆவடியில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தாத்தா கனரக வாகனத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். மாதந்தோறும் மத்திய அரசின் ஓய்வூதியம் வந்துவிடுகிறது. மகன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவனுக்குச் சம்பளம் தருபவர் ஆலை முதலாளி அல்லர். இடையில் நிற்கும் ஒப்பந்தக்காரர். மருமகள் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஆசிரியை. பேரன் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவில் படிக்கிறான். மாதப் பிறப்பில் அவ்வீட்டுக்கு நிச்சயமாக வரும் பணம் முதியவருடையது ஒன்றே. உழைத்து ஓய்ந்தவர், உழைத்துக்கொண்டிருப்பவர்களைத் தாங்கி நிற்கிறார்! இத்தகைய குடும்பங்கள் நம் பங்குகளில் ஒன்றிரண்டு அல்ல.

இந்நிலை எவ்வாறு வந்தது? 1955 சனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது காமராசர் நம் மாநிலத்தின் முதலமைச்சர். அதற்கு மறு ஆண்டு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை முன்பே தோன்றியிருந்தது. 1959 இல் டன்லப் டயர் ஆலையும், 1960களின் தொடக்கத்தில் பாடியில் மோட்டார் உறுப்பு ஆலைகளும் எழுந்தன. 1961 இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை உருவாகி, 1965 இல் முதல் விஜயந்தா டாங்கி அதன் வாயிலைக் கடந்து வெளிவந்தது. ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராயிருந்த காலத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வளர்ந்தது. பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி, நிரந்தர வேலை, ஓய்வூதியம் என ஒரு படிக்கட்டு அமைந்தது. தாத்தா அப்படிக்கட்டில் ஏறியவர். பேரனுக்கு முதல் இரண்டு படிகள் இன்றும் உள்ளன. அதற்குமேல் கால் வைக்க இடமில்லை.

இனி வேட்பாளரின் மூன்றாவது வாக்குறுதியை முதலில் எடுத்துக்கொள்வோம். அரசு ஊழியர் என்றாலே தேர்தல் மேடைகளில் ஓய்வூதியப் பேச்சுத்தான். அதற்குக் காரணமும் உண்டு. 2003 ஏப்ரல் 1 க்குப் பின் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று தமிழக அரசு முடிவு செய்தது. அதே ஆண்டு சூலை 2 ஆம் நாள் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 6 இல் தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர் என்றாலும், அந்த நாள்களின் அச்சம் பல ஆசிரியர் குடும்பங்களில் இன்னும் பேசப்படுகிறது. பழைய திட்டத்தை மீண்டும் கொணர்வோம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்களித்தது. ஆட்சிக்கு வந்தபின் 2025 பிப்ரவரியில்தான் ஆராயக் குழு அமைக்கப்பட்டது. 2026 சனவரி 3 இல், கடைசி மாத ஊதியத்தில் பாதியை ஓய்வூதியமாக உறுதி செய்யும் புதிய திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. ஊழியர் தம் ஊதியத்தில் 10 சதவீதத்தைச் செலுத்துவது அதிலும் தொடர்கிறது. கேட்டது முழுமையாகக் கிடைக்கவில்லை என்போரும், இதுவாவது கிடைத்ததே என்போரும் உளர். 23 ஆண்டுகள் சங்கங்கள் விடாது குரல் கொடுத்ததன் பலன் இது என்பதில் எனக்கு ஐயமில்லை. முதுமையில் பிறர் கையை எதிர்பாராமல் வாழ வேண்டும் என்பது பேராசையன்று. அதைப் பொறாமைக் கண்ணோடு நோக்குவது முறையுமன்று.

ஆனால் வாசகரே, சங்கமும் வாக்கு வலிமையும் உடையவர்களைப் பற்றியே பேசும் பிரசுரத்தில், அரசின் வேலையைச் செய்தும் அரசு ஊழியர் என்ற பெயரைப் பெறாதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கடைசி வரியில் இருப்பார்கள். அல்லது இருக்கவே மாட்டார்கள்.

2012 இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி முதலியவற்றைக் கற்பிக்க 16,000 க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டனர். அத்தொகை சிறிது சிறிதாகவே உயர்ந்தது. பள்ளிக்கு விடுமுறை என்பதால் மே மாதத்திற்கு ஊதியமின்றியே பல ஆண்டுகள் கழிந்தன. பள்ளிக்கு விடுமுறை விடலாம். வயிற்றுக்கு விடுமுறை விட முடியுமா? இவர்களை நிரந்தரமாக்குவோம் என்ற சொல் தேர்தல்தோறும் கேட்கிறது. இவர்களது ஊதியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியைச் சார்ந்தது. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால், 2024-25 ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. இரு அரசுகளின் கொள்கைப் பூசலில் எந்தப் பக்கம் நியாயம் என்பதை அவரவர் தீர்மானிக்கலாம். நிதியின் வாய்க்கால் அடைபட்டால் முதலில் வாடுவது கடைமடைப் பயிர்தானே!

சத்துணவுப் பணியாளரை எடுத்துக்கொள்வோம். 1982 சூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய அத்திட்டத்தின் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் ஆகியோரில் மிகப் பலர் பெண்கள். அவர்களுள் கைம்பெண்களும் கைவிடப்பட்டவர்களும் உண்டு. காலமுறை ஊதியத்திற்கு முன்னால் 'சிறப்பு' என்ற அடைமொழியைச் சேர்த்து, மற்ற ஊழியருக்குரியதைவிடக் குறைந்த ஊதியத்தை இவர்களுக்கு வழங்குகின்றனர். ஓய்வூதியத்திற்கும் அதே 'சிறப்பு', தொகையோ சிறிது. நம் மொழியில் இச்சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் உண்டு என்பதை அரசாணைகளைப் படித்தே நான் அறிந்தேன்.

தூய்மைப் பணியாளர் நிலை இதனினும் கடினம். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் 5, 6 ஆம் மண்டலங்களில் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து, அவர்கள் ரிப்பன் மாளிகைமுன் 13 நாள் அமர்ந்திருந்தனர். நீதிமன்ற ஆணையின் பேரில், ஒரு நள்ளிரவில் காவல் துறையினர் அவர்களை அப்புறப்படுத்தினர். அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து 7 ஆம் மண்டலமாயிற்று. ஆவடி 2019 இல் தனி மாநகராட்சியாயிற்று. ஊருக்குப் பெயர் உயர்ந்தது. அதன் தெருவைப் பெருக்குபவருக்கு யார் முதலாளி என்ற கேள்வியை இங்குள்ள வேட்பாளரிடமும் கேட்கலாம்.

வேலைவாய்ப்புக்கு வருவோம். இங்கு ஒன்றை நாம் தெளிவாக உணர வேண்டும். சட்டமன்ற உறுப்பினரால் இயலாததை அவரிடம் கேட்பதும், இயலாததை அவர் வாக்களிப்பதும் இருவர் நேரத்தையும் வீணாக்கும். பாதுகாப்புத் துறை மத்திய அரசுக்கு உரியது. 2021 அக்டோபர் 1 இல் படைத்தளவாட ஆலை வாரியம் கலைக்கப்பட்டு, 41 ஆலைகள் ஏழு நிறுவனங்களாயின. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் என்ஜின் தொழிற்சாலையும் ஒரு நிறுவனத்திற்குச் சென்றன. படையினரின் உடை தைக்கும் ஓ.சி.எஃப். மற்றொன்றுக்குச் சென்றது. அங்கே பணிபுரிந்த அரசு ஊழியர், தம் அரசுப் பணியின் எதிர்காலம் என்ன என்ற கலக்கத்தில் ஆழ்ந்தனர். அதை மாற்றுவேன் என்று ஆலை வாயிலில் நின்று முழங்கும் சட்டமன்ற வேட்பாளரிடம், எந்த அதிகாரத்தால் என்று பணிவோடு வினவலாம். தனியார் ஆலைகளில் மண்ணின் மைந்தருக்கு 75 சதவீத வேலை என்ற வாக்குறுதியும் இத்தகையதே. அவ்வாறு சட்டம் இயற்றிய அரியானாவில், 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென அறிவித்துவிட்டது.

அவரால் இயன்றவையும் உள. தொழிற்பழகுநர் சட்டம் 1961 முதல் இருக்கிறது. அம்பத்தூரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. சுற்றிலும் ஆலைகள் உண்டு. அங்கே பயிலும் மாணவருள் எத்தனை பேர் இவ்வாலைகளில் பழகுநராகச் சேர்ந்தனர், அவருள் எத்தனை பேர் நிலைத்தனர் என்ற கணக்கைச் சட்டமன்றத்தில் கேள்வியாக எழுப்புவதற்கு எந்த உறுப்பினருக்கும் தடையில்லை. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பூங்காவின் 21 மாடிகள் திறக்கப்பட்டன. மகிழ்ச்சிக்குரியதே. அங்கே பிட்டர் படித்த பேரனுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்கீழ் விதிகளை வகுக்கும் பொறுப்பில் மாநில அரசுக்கும் பங்கு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியின் ஊதியமும் பாதுகாப்பும் ஒரு பகுதி அவ்விதிகளில்தான் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டுப் பேசும் வேட்பாளர் ஒருவரைக் காண நான் ஆவலாயிருக்கிறேன்.

கல்வி குறித்து நம் குடும்பங்களுக்கு ஒரு நற்செய்தி அண்மையில் வந்ததை மறுக்க இயலாது. அரசுப் பள்ளிகளில் மட்டும் நடந்துவந்த காலை உணவுத் திட்டம், 2024 சூலை 15 இல் ஊரகத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நமக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் அது தொடங்கப்பட்டது. நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில் வந்தது. ஆனால் பிள்ளைக்கு உணவு வந்த அதே பள்ளியில், நியமன ஒப்புதல் கிடைக்காமல் ஆண்டுக் கணக்கில் அரசின் ஊதியமின்றிப் பணியாற்றும் ஆசிரியையையும் காண முடிகிறது. இதற்கிடையே, 2025 செப்டம்பர் 1 இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மீதமுள்ள ஆசிரியர் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். சிறுபான்மையினர் பள்ளிகள் பற்றிய கேள்வி பேரமர்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது. இருபது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற ஆசிரியை, இரவில் மகளின் பாடநூலுக்கு அருகே தம் தேர்வு நூலையும் விரித்து வைக்கும் காலமிது.

தொகுதி மேம்பாட்டு நிதியாக ஓர் உறுப்பினர்க்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்று 2019 இல் உயர்த்தப்பட்டது. அதில் வகுப்பறை கட்டலாம், கழிப்பறையும் கட்டலாம். கட்டியதும் கல்வெட்டில் பெயர் பொறிப்பார்கள். அந்த வகுப்பறையில் நிற்கும் பகுதிநேர ஆசிரியைக்கு மே மாதத்தில் ஊதியம் உண்டா, அந்தக் கழிப்பறையைக் கழுவுபவருக்கு மாதச் சம்பளம் யார் கையால் வருகிறது என்பவை கல்வெட்டில் இரா. பிரசுரத்தை வாங்கிக்கொண்டு, வேட்பாளரை ஒரு நிமிடம் நிறுத்தி, இவ்விரண்டையும் கேளுங்கள். அவர் பின்னால் நிற்கும் கூட்டத்தில் கோஷம் ஓய்வதற்குச் சற்று நேரமாகலாம், காத்திருங்கள்.