கலாவும் உறுமியும்: பேர் யாருக்கு, கூலி யாருக்கு?

எம்.ஐ.ஏ.வின் 'கலா' என்று பேச்செடுத்தால் போதும், நம் மக்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி, "பாத்தியா, லண்டன் பொண்ணு நம்ம ராஜா பாட்ட எடுத்துப் போட்டிருக்கு" என்று காலரைத் தூக்கிவிடும். இன்னொரு கட்சி, "ராஜா பாட்டைத் திருடிட்டாய்ங்கப்பா" என்று வேட்டியை மடித்துக் கட்டும். கம்பம் பள்ளத்தாக்கில் இந்தச் சண்டைக்குச் சூடு கொஞ்சம் அதிகம். சுருளிப்பட்டியும் பண்ணைப்புரமும் ஒரே உத்தமபாளையம் தாலுகா இல்லையா! ராஜா இங்கே சொந்தக்காரர் மாதிரி. கல்யாண வீட்டில் சாப்பாடு சரியில்லை என்றுகூடச் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம், ராஜாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தப்ப முடியாது.

இரண்டு கட்சியும் கோட்டை விடுவது ஒரே இடத்தில். இருவருக்கும் அந்த ஆல்பம் 'மெட்டு யாருடையது' என்கிற பஞ்சாயத்து மட்டும்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'கலா'வை முதலிலிருந்து ஓடவிட்டால் காதில் அறைவது மேளம். குறிப்பாக உறுமி. அதை வாசித்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்று பெருமைக் கட்சியும் கேட்கவில்லை, திருட்டுக் கட்சியும் கேட்கவில்லை.

'பேப்பர் ப்ளேன்ஸ்' மட்டும் தெரிந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி அகதியாக மறுபடி லண்டன் போனவர். முதல் ஆல்பம் 'அருளர்' (2005), அப்பாவின் இயக்கப் பெயர். இரண்டாவது 'கலா' (2007), அம்மாவின் பெயர். இரண்டாவதை அமெரிக்காவில் டிம்பலாண்டோடு உட்கார்ந்து செய்வதாகத்தான் திட்டம். விசா கிடைக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றி, போன இடத்துச் சத்தத்தையெல்லாம் பதிவு செய்தார். சென்னையில் கிடைத்தது உறுமி. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டும் உறுமியின் தோளில் ஏறி வருகிற பாட்டுகள். 'பேர்ட் ஃப்ளூ'வில் கூடுதலாக 'ஜெயம்' (2003) படத்தின் திருவிழாப் பாட்டிலிருந்து ஒரு துண்டு, இசை ஆர்.பி. பட்நாயக். ஆல்பத்தைத் திறக்கிற 'பாம்பூ பங்கா'வில்தான் ராஜாவின் 'காட்டுக்குயிலு', 'தளபதி' (1991) படத்துப் பாட்டு. எதையும் ஒளித்து எடுக்கவில்லை, எந்தப் பாட்டிலிருந்து எடுத்தது என்று ஆல்பத்தின் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். ஆகவே திருட்டுக் கட்சி இத்தோடு வீட்டுக்குக் கிளம்பலாம். பெருமைக் கட்சி மட்டும் கொஞ்சம் உட்காரவும்.

உறுமி என்பது நடுவில் இடுப்பு சிறுத்து, இரண்டு பக்கமும் தோல் கட்டிய மேளம். தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத்தில் வளைந்த குச்சியை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் வருவதுதான் உறுமல், அதுவே பெயராகிவிட்டது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க, சத்தம் வழுக்கிக்கொண்டே ஏறும், வழுக்கிக்கொண்டே இறங்கும். கம்ப்யூட்டரில் பேஸ் ஒலியை இப்படி வழுக்கவிட வெளிநாட்டு டீஜேக்கள் எவ்வளவோ மெனக்கெடுகிறார்கள். இங்கே ஒரு மனுஷன் அதைச் சித்திரை வெயிலில், வெறுங்காலோடு, தெருத் தெருவாக நடந்துகொண்டே செய்கிறார். சுருளிப்பட்டி மாதிரி ஊர்களில் சாமி கும்பிடு என்றால் முளைப்பாரி, அக்கினிச்சட்டி, கரகம் எதற்கும் முன்னால் போவது மேளம்தான். உறுமி ஏறினால்தான் சாமி இறங்கும். அவ்வளவு பெரிய வேலை!

இனி அந்தச் சாமி கும்பிடு நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் தாள், சிவப்பு மை. ஒவ்வொரு நாள் மண்டகப்படிக்கும் உபயதாரர் பேர், அவர் அப்பா பேர், பையன் வாங்கிய பட்டம், வைத்திருக்கும் கடை. பந்தல் போட்டவருக்கு ஒரு வரி, லைட் செட்டுக்கு ஒரு வரி, சவுண்ட் சர்வீஸுக்கு போன் நம்பரோடு ஒரு வரி. இன்னிசைக் கச்சேரி என்றால் 'டிவி புகழ்' என்று போட்டோவே வரும். மேளத்துக்கு? 'உறுமி மேளம் முழங்க சக்தி கரகம் அழைத்து வருதல்'. முடிந்தது. முழங்குவது மேளம், முழக்குகிற ஆளுக்கு அந்த வாக்கியத்தில் எழுவாயாகக்கூட இடமில்லை.

காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். சாதி. இந்தப் பக்கம் சாமி கும்பிடுக்கும் சாவுக்கும் மேளம் தூக்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். (கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்துக்கும் உறுமி உண்டு, அது தனிக் கதை.) அறுபது வயது ஆளை இருபது வயதுப் பையன் "வாடா, மேளத்தைத் தட்டுடா" என்று கூப்பிடுகிற ஊர்களில், அவருக்கு அச்சில் முழுப்பேர் போடத் தோன்றாததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சாமி இறங்குகிறவரை அவர் வேண்டும். இறங்கிய பிறகு அவர் ஓரமாக நிற்க வேண்டும்.

"வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியமா" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. ஜி.சி. கோல்மன் என்கிற கறுப்பின டிரம்மர் 1969இல் 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவின் ஒரு பாட்டில் ஆறேழு விநாடி தனியாக வாசித்தார். அந்த ஆறேழு விநாடி பிறகு ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் போனது, ஒரு இசை வகையே அதன்மேல் எழுந்தது. கோல்மன் ராயல்டியாக ஒரு காசு பார்க்காமல், கடைசியில் வீடு வாசலும் இல்லாமல் 2006இல் செத்துப்போனார். ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர் க்ளைட் ஸ்டபுள்ஃபீல்ட் கதையும் கிட்டத்தட்ட அதேதான். வாசித்தது அவர், பாட்டின் உரிமை வேறொருவருக்கு.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்து ஆட்களின் 'ட்ரிப் ஹாப்' இசை பிறந்ததே இப்படிப் பழைய ரெக்கார்டுகளைத் துண்டு போட்டுத்தான். ஹிப் ஹாப் தாளத்தை மெதுவாக்கி, யாரோ எப்போதோ வாசித்த துண்டைச் சுழலவிட்டு, மேலே ஒரு சோகக் குரல். அதில் போர்ட்டிஸ்ஹெட் என்கிற குழு முதல் ஆல்பத்தில் (1994) ஐசக் ஹேய்ஸ், லாலோ ஷிஃப்ரின் துண்டுகளை வைத்துக் கலக்கியது. இரண்டாவது ஆல்பத்துக்கு (1997) ஒரு முடிவெடுத்தார்கள். மிகச் சில இடங்கள் தவிர அடுத்தவன் ரெக்கார்டைத் தொடுவதில்லை. தாங்களே வாத்தியக்காரர்களை வைத்து வாசித்து, அதை ரெக்கார்டாக அழுத்தி, தேய்த்துப் பழசாக்கி, அதிலிருந்து துண்டு எடுத்தார்கள். குசும்பு என்னவென்றால், அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு 'ஷான் அட்கின்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்கிற குழுவின் பழைய பாட்டிலிருந்து துண்டு எடுத்ததாக நன்றி போட்டார்கள். அப்படி ஒரு குழுவே உலகத்தில் கிடையாது! இல்லாத ஆளுக்குப் பேர் கிடைத்த ஆல்பம் அது. இருக்கிற ஆளுக்குப் பேர் கிடைக்காத கதை நம்முடையது. 'தளபதி' காலத்துக் கேசட் உறைகளைத் தேடிப் பாருங்கள். இசையமைப்பாளர், கவிஞர், பாடகர்கள். அதோடு சரி. வாசித்தவர்கள் பேரை உறையில் அச்சடிக்கிற வழக்கத்தைத் தமிழில் பரவலாக்கியவர் ரகுமான். ரொம்ப லேட்.

'பேரில் என்ன இருக்கு, சம்பளம் கொடுத்தாச்சே' என்பது அடுத்த வாதம். பி.காம். முதல் வருஷப் பாடத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஒரு செலவின் பலன் அந்த வருஷத்தோடு முடிந்தால் வருவாய்ச் செலவு. பல வருஷம் பலன் தந்தால் மூலதனச் செலவு. ஒலிப்பதிவு அன்றைக்கு மேளக்காரருக்குக் கொடுத்த கூலியை டீ, வண்டி வாடகையோடு சேர்த்து அன்றைய செலவில் எழுதிவிடுகிறார்கள். அவர் வாசித்ததோ பத்து வருஷம், இருபது வருஷம் கேசட்டாக, சிடியாக, ரிங்டோனாக, விளம்பரமாக, லண்டன் ஆல்பமாகச் சம்பாதித்துக்கொண்டே இருக்கிறது. ஆடிட்டர் பார்த்தால் கையெழுத்துப் போடமாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில், வாசிப்பவர் பாடுபவருக்கென்று தனி உரிமை வந்ததே 1994 திருத்தத்தில்தான். 'தளபதி' வந்தது 1991. அதாவது 'காட்டுக்குயிலு'க்கு மேளம் வாசித்தவர் அன்றைக்குச் சட்டத்தின் கண்ணிலேயே இல்லை. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், வாசித்தது வணிகத்துக்குப் பயன்பட்டால் வாசித்தவருக்கு ராயல்டி உண்டு என்றது. கைதட்டலாம். ஆனால் அதே திருத்தம் 'நிகழ்த்துநர்' என்பதற்கான விளக்கத்தில் ஒரு கொக்கியையும் மாட்டியது. சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக, துணைக்கு வருவதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பேர் எங்கேயும் போடப்படாவிட்டால், தன் வாசிப்பைச் சிதைத்தால் தடுக்கிற உரிமை ஒன்று தவிர மற்றதற்கெல்லாம் அவர் நிகழ்த்துநரே இல்லை! கூட்டத்தில் நிற்கிற துணை நடிகர்களை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். ஆனால் பேர் போடாததே வழக்கமாகிப்போன தொழிலில் இது யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். பேர் என்பது வெறும் பெருமை என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கவும். அந்தப் பேர்தான் ரசீது.

ராஜா தன் பாட்டுகளுக்காக நோட்டீஸ் அனுப்பும்போதெல்லாம் (2017இல் எஸ்.பி.பி.க்கு, 2024இல் 'மஞ்ஞுமெல் பாய்ஸ்' படத்துக்கு) ஊரே ரெண்டுபட்டுப் பேசியது. படைத்தவருக்கா, தயாரிப்பாளருக்கா, கம்பெனிக்கா? நல்ல கேள்வி. ராஜா கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த மேஜையில் உறுமிக்காரருக்கு நாற்காலியே போடவில்லை, அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

'தாளம் பொதுச்சொத்து, அதுக்கு ஏதுய்யா ஓனர்' என்பார்கள். சரி, தாளம் பொதுச்சொத்து. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரும்தான் பொது. அதற்காக அதில் விளைந்த திராட்சை பொது என்று யாராவது தோட்டத்துக்குள் கூடையோடு புகுந்தால் சுருளிப்பட்டிக்காரர் விடுவாரா? பந்தல் போட்டு, மருந்தடித்து, காவல் காத்து விளைவித்தவருக்குத்தான் திராட்சை. அன்றைக்கு, அந்த ஸ்டுடியோவில், அந்தக் கையால் வந்த உறுமலும் அப்படித்தான்.

திராட்சை என்றதும் இன்னொன்று. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. இனி வேறு ஊர்க்காரன் அந்தப் பேரைப் போட்டு விற்க முடியாது, நல்லது. தஞ்சாவூர் வீணைக்கும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் கவனியுங்கள், குறியீடு மரத்துக்கும் தோலுக்கும்தான். வாசிக்கிற கைக்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடையாது. நாளைக்கே உறுமிக்கு ஒரு குறியீடு வாங்கி, தேனி கலெக்டர் ஆபீஸ் வாசலில் கேக் வெட்டினாலும் மேளக்காரர் நிலைமை மாறாது.

இதையெல்லாம் வைத்து 'கலா'வைக் கேட்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கேளுங்கள், சத்தமாகக் கேளுங்கள். தமிழ் சினிமா குத்துப் பாட்டுக்கும் பேய்க் காட்சிக்கும் ஓரமாக நிறுத்தி வைத்த உறுமியை அந்தப் பெண் மைக்குக்கு முன்னால் நிறுத்தினார். பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள உறுமி என்பது போய், உறுமிக்குத் தொட்டுக்கொள்ளப் பாட்டு என்றானது. பிசிறு தட்டாமல் வழவழவென்று மிக்ஸ் பண்ணியிருந்தால் 'பேர்ட் ஃப்ளூ' செத்திருக்கும். அந்தக் கரடுமுரடு நம்ம தெருச் சத்தம். எம்.ஐ.ஏ.வுக்கு அது கேட்டிருக்கிறது, தெருவிலேயே இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லை.

லண்டன் கம்பெனியிடம் கணக்குக் கேட்பதற்கு வக்கீல் வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும், காசு வேண்டும். அதற்கு முன்னால் பக்கத்திலேயே கேட்கக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. அடுத்த சித்திரைக்கு நோட்டீஸ் அடிக்கக் கம்பத்து அச்சகத்துக்குப் போகிற விழாக் கமிட்டிப் பையன்கள், மேள செட்டுக்கு அச்சாரம் கொடுக்கும்போதே "அண்ணே, உங்க செட்டுல எத்தன பேரு, பேரெல்லாம் சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஒரு செட்டுக்கு ஏழெட்டுப் பேர் இருப்பார்களா? லைட் செட்டுக்கும் சவுண்ட் சர்வீஸுக்கும் நடுவில் இரண்டு வரி. அதே தாள்தான், அச்சகத்தில் ரேட் கூடாது.