பாலைவனம் காலி மனையல்ல!

சுரங்கக் கழிவைத் தேக்கும் அணைகளைப் பற்றி யாராவது வாய் திறந்தால், முதலாளிகளிடம் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. பாலைவனம்தானே! மழை இல்லை, ஆறு இல்லை, ஊரும் இல்லை. உடைந்தாலும் மணலைத்தானே நனைக்கும் என்பது அந்தச் சமாதானம். இதன் யோக்கியதை என்ன என்று பார்க்க, உலகத்துக்கே பாதுகாப்புப் பாடம் நடத்தும் அமெரிக்காவுக்குப் போவோம்.

நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் காலப் நகருக்கு அருகே சர்ச் ராக் என்ற இடம். வறண்ட பூமி. அங்கே யுனைடெட் நியூக்ளியர் கம்பெனி யுரேனியச் சுரங்கமும் ஆலையும் நடத்தியது. 1979 ஜூலை 16, விடியற்காலை. ஆலைக் கழிவைத் தேக்கி வைத்திருந்த மண் அணையில் சுமார் 20 அடி அகலத்துக்கு உடைப்பு ஏற்பட்டது. 9 கோடி 40 லட்சம் காலன் கதிரியக்க அமில நீரும், 1,100 டன் கழிவுச் சேறும் புவெர்க்கோ ஆற்றில் பாய்ந்தன. காலப் நகரின் சாக்கடைகளில் எதிரேறி, அடுத்த மாநிலமான அரிஸோனாவுக்குள் புகுந்து, சுமார் 80 மைல் வரை அந்த விஷம் போய்ச் சேர்ந்தது. அளவைப் பார்த்தால் அமெரிக்க வரலாற்றிலேயே பெரிய கதிரியக்கக் கழிவு உடைப்பு இதுதான்.

அந்த ஆற்றங்கரை காலி மனையா? நவஹோ மக்கள் வாழும் இடம் அது. டினே என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஆதிக்குடி மக்கள். ஆடும் மாடும் மேய்த்துப் பிழைப்பவர்கள். மந்தை தண்ணீர் குடித்தது அந்த ஆற்றில். குழந்தைகள் விளையாடியதும் அந்த ஆற்றில்தான். அன்று காலை தண்ணீரில் இறங்கியவர்களின் பாதம் வெந்தது. அணை உடைந்த செய்தி அவர்கள் அனைவருக்கும் உடனே போய்ச் சேரவில்லை.

மிச்சமிருப்பது சக்கையா, நெருப்பா?

கழிவு என்றவுடன் உபயோகமற்ற மண் என்று நினைத்துவிடக் கூடாது. யுரேனியத் தாதுவைப் பொடி செய்து, அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். விலை போகும் பொருள் மூட்டை கட்டிப் போய்விடுகிறது. தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவிகிதம் சக்கையிலேயே தங்கிவிடுகிறது. அதிலுள்ள ரேடியம் பாதியாகக் குறைய 1,600 வருஷம் ஆகும். தோரியம்-230 பாதியாகக் குறைய சுமார் 75,000 வருஷம்!

இத்தகைய கழிவை 1,000 வருஷம் வரையிலும், எப்படிப் பார்த்தாலும் 200 வருஷத்துக்குக் குறையாமலும் அடைத்துவைக்க வேண்டும் என்று அமெரிக்க சர்க்கார் 1983-ல் விதி செய்தது. சர்ச் ராக் ஆலை ஓடத் தொடங்கியது 1977-ல். அணை உடைந்தது 1979-ல். ஆயிரம் வருஷம் நிற்க வேண்டிய சுவர் இரண்டே வருஷத்தில் விழுந்தது! விதி வந்ததோ அதற்கும் நான்கு வருஷம் கழித்து. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்!

விபத்தா? குற்றமா?

பூகம்பம் வந்து அணை உடையவில்லை. பெருமழையும் பெய்யவில்லை. உடைத்தது எது?

பாலைவனத்து வண்டல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்திருக்கும்போது பாறைபோல் தாங்கும். நீர் ஊறிவிட்டால் உள்ளிருக்கும் இடைவெளிகள் நொறுங்கி மண் அமுங்கிவிடும். ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் அமுங்கும்போது, மேலே நிற்கும் சுவர் வெடிக்கும். வெடிப்பில் புகும் நீர் உள்ளிருந்தே சுவரை அரித்துத் தின்னும். வறட்சியே பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. வறண்ட மண்ணின்மேல் கோடிக்கணக்கான காலன் நீரைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் அவர்களேதான்!

சர்ச் ராக்கில் மண்ணின் இந்தக் குணம் கட்டுவதற்கு முன்பே நிபுணர்களுக்குத் தெரியும். 1977-லேயே அணையில் விரிசல் கண்டது. அமில நீர் நேரே சுவரில் மோதாமல் இருக்க, நடுவே மணல்திட்டு விட்டு வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அது சரிவர நடக்கவில்லை. நீர்மட்டம் வரம்புக்கு மேல் ஏற விடப்பட்டது. 1979 அக்டோபரில் அமெரிக்கக் கீழ்ச்சபையின் உபகமிட்டி, மாரிஸ் உடால் தலைமையில் விசாரித்தது. நிர்ணயித்த விதிப்படி கட்டியிருந்தால் அணை உடைந்திருக்காது என்று ராணுவப் பொறியியல் துறையின் தரப்பிலேயே சாட்சியம் வந்தது. ஆபத்து வரும் என்று உணர மூன்று சர்க்கார் இலாகாக்களுக்காவது போதிய வாய்ப்பு இருந்தது என்பதும் அங்கே வெளியாயிற்று.

கம்பெனிக்கும் தெரியும், இலாகாவுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தவர்கள் அணைக்குக் கீழே குடியிருந்த நவஹோ மக்கள் மட்டுமே! தெரிந்தவனுக்கு லாபம், தெரியாதவனுக்கு விஷம். இதற்கு விபத்து என்று பெயர் சூட்டுவது பித்தலாட்டம்.

ஒரே வருஷம், இரண்டு நீதி

அதே 1979-ல், மார்ச் 28 அன்று, பென்ஸில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது. ஜனாதிபதி கார்ட்டரே நேரில் போனார். உலகப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. சர்ச் ராக்கில் வெளியான கதிரியக்கம் அதைவிட அதிகம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை இன்றும் எத்தனை பேர் அறிவார்கள்?

பேரிடர்ப் பகுதி என்று அறிவித்து உதவி கேளுங்கள் என நவஹோ மக்களின் சபை வேண்டியது. மாநில ஆளுநர் புரூஸ் கிங் மறுத்தார். ஆற்றைச் சுத்தம் செய்யச் சிறு கூட்டம் ஆட்கள் மண்வெட்டியும் பீப்பாயுமாக இறங்கினார்கள். எண்பது மைல் விஷத்துக்கு மண்வெட்டி! வழக்குத் தொடுத்தவர்களுக்குக் கோர்ட்டுக்கு வெளியே பேசித் தீர்த்த தொகை, அத்தனை பேருக்கும் சேர்த்து, சுமார் 5 லட்சத்து 25 ஆயிரம் டாலர். யானைப் பசிக்குச் சோளப் பொரி! கம்பெனியோ நான்கு மாதம்கூடக் காத்திருக்கவில்லை. அணையை ஒட்டுப்போட்டு அதே இடத்தில் மறுபடி ஆலையை ஓட்டியது. 1982-ல் மூடிவிட்டு நடையைக் கட்டியது.

யாரும் சாகவில்லையே என்கிறார்கள். அன்று சாகவில்லை, சரி. அடுத்த பத்து, இருபது வருஷங்களில் யாருக்கு என்ன நோய் வந்தது என்று அந்த மக்களைத் தொடர்ந்து பின்பற்றிய ஆராய்ச்சி எங்கே? கணக்கெடுக்காமலேயே, கணக்கில் ஒன்றுமில்லை என்று சொல்லுகிற சாமர்த்தியம் இது.

இந்த யுரேனியம் யாருக்காக? 1944 முதல் 1986 வரை நவஹோ மண்ணிலிருந்து சுமார் 3 கோடி டன் தாது தோண்டப்பட்டது. அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் அணுகுண்டுக் கிடங்கை நிரப்ப அதுவும் போயிற்று. முதல் குண்டை வெடித்துப் பார்த்ததும் இதே நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில். 1945-ல், இதே ஜூலை 16-ல்! குண்டு அவர்களுக்கு, சக்கை இவர்களுக்கு. கைவிடப்பட்ட 500-க்கும் மேற்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் இன்றும் அந்த மக்களின் தலைமாட்டில் கிடக்கின்றன. இனி எங்கள் மண்ணில் யுரேனியம் தோண்டக் கூடாது என்று 2005-ல் அவர்கள் தாங்களே சட்டம் செய்துகொண்டார்கள். பழைய சுரங்கக் கழிவை எங்கள் வட்டாரத்தை விட்டே அகற்றுங்கள் என்றும் கேட்டார்கள். சர்க்கார் என்ன செய்தது? அதைப் பழைய ஆலைக் கழிவின் தலைமேலேயே கொட்ட 2013-ல் முடிவெடுத்து, 2023-ல் அனுமதியும் கொடுத்தது.

சர்டிபிகேட் அணையைத் தாங்குமா?

அது பழைய காலம், இப்போது தணிக்கை இருக்கிறது, நிபுணர் சர்டிபிகேட் இருக்கிறது என்பார்கள். பிரேஸில் நாட்டின் புருமாடின்யோ அணைக்கும் சர்டிபிகேட் இருந்தது! ஸ்திரமான அணை என்று ஜெர்மன் தணிக்கைக் கம்பெனி ஒன்று எழுதிக் கொடுத்த சில மாதங்களில், 2019 ஜனவரி 25 அன்று அது சரிந்தது. 270 உயிர்கள் போயின. அணையின் காலடியிலேயே தொழிலாளர்களின் சாப்பாட்டுக்கூடத்தை வைத்திருந்தது வாலே கம்பெனி. தணிக்கைக்காரனுக்குக் கூலி கொடுப்பவன் கம்பெனிக்காரன் என்றால், சர்டிபிகேட்டில் வேறென்ன எழுதுவான்? அதன் பிறகு 2020-ல் உலகத் தரவிதி ஒன்று வந்தது. நல்ல வாசகங்கள் அதில் உண்டு. ஆனால் கம்பெனிகள் விரும்பி ஏற்றால்தான் உண்டு! திருடன் விரும்பினால் பூட்டலாம் என்று ஒரு பூட்டா?

நமக்கென்ன என்று இருக்கலாமா?

கோலார் தங்கவயலைத் தமிழ்த் தொழிலாளி மறக்க முடியாது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் ஜனங்கள், ஜான் டெய்லர் கம்பெனிக்காகப் பாதாளத்தில் இறங்கிப் பொன் எடுத்தார்கள். பொன் லண்டனுக்குப் போயிற்று. சயனைடு கலந்த சக்கை, மலை மலையாக அவர்களின் லைன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே தங்கிற்று. பின்னால் சுரங்கம் சர்க்கார் வசம் வந்தது, 2001-ல் மூடப்பட்டது. மேடுகள் மூடப்படவில்லை. காற்றடித்தால் இன்றும் அந்தப் புழுதி தொழிலாளி வீட்டுக்குள் வருகிறது. ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கம் பொதுத்துறைதான். 2006 டிசம்பரில் அங்கே கழிவுக் குழாய் உடைந்து, ஆதிவாசிகளின் ஓடையில் விஷச் சேறு கலந்தது. பொதுத்துறை என்ற பலகை மட்டும் போதாது; தொழிலாளியும் ஊராரும் கணக்குக் கேட்கும் அதிகாரம் வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஆகவே நாம் கேட்பது இவை:

1. ஒவ்வொரு கழிவு அணையின் சோதனை அறிக்கையும், நீர்மட்டமும், விரிசல் கணக்கும் அணைக்குக் கீழே வாழும் மக்களின் மொழியில் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும்.

2. அணையைச் சோதிப்பவருக்குக் கம்பெனி சம்பளம் கொடுக்கக் கூடாது. சோதனைக் குழுவில் தொழிற்சங்கமும் ஊர் மக்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும்.

3. விரிசல் கண்டால் ஆலையை நிறுத்தச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். சொன்னதற்காக அவன் வேலை போகக் கூடாது.

4. சுரங்கம் மூடிய பிறகு அணையைக் காக்க ஆகும் செலவை, தோண்டத் தொடங்கும் முன்பே கம்பெனி கட்ட வேண்டும்.

5. கட்டாயச் சட்டம் வேண்டும். மீறுகிற முதலாளிக்கு அபராதம் போதாது, சிறை வேண்டும்.

சுரங்கத்துக்கு ஆயுள் இருபது, முப்பது வருஷம். லாபத்துக்கு ஆயுள் அதுவரை. கழிவுக்கோ ஆயிரமாயிரம் வருஷம். லாபத்தை அள்ளியவன் போன பிறகும் அந்தச் சுவரின் கீழே குடியிருக்கப் போவது மேய்ப்பனும், தொழிலாளியும், அவர்களுடைய பிள்ளைகளும்தான். சுவரின் சாவி அவர்கள் கையில் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க முடியாது. போராடித்தான் வாங்க வேண்டும்!