திகில் படம்னா குப்பைன்னு ஒதுக்கிடாதீங்க

1/ ஜார்ஜ் ரொமேரோன்னு ஒரு டைரக்டர். திகில் படமே பிடிக்காதவங்களும் இந்த த்ரெட்டைக் கொஞ்சம் படிங்க.

2/ ஹாலிவுட் பக்கம் போகாமல், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். நண்பர்களோடு காசு போட்டு, லட்சத்துச் சொச்சம் டாலரில் 1968-ல் எடுத்தது 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. இன்னிக்கு நாம பார்க்கிற ஜாம்பி படங்களுக்கெல்லாம் தாய் அதுதான்.

3/ தலைப்பை மாத்தினப்போ காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போச்சு. படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் யாரோ போட்டுச் சம்பாதிச்சாங்க.

4/ ஒரு டாக்டரா எனக்கு முக்கியமாகப் படுறது அவரோட 1973 படம், 'தி கிரேசீஸ்'. சின்ன ஊர்ல கிருமி பரவுது. ராணுவம் ஊரை அடைக்குது, மக்களுக்கு ஒண்ணும் சொல்றதில்லை. மருந்தைக் கண்டுபிடிச்ச விஞ்ஞானியையே நோயாளின்னு நினைச்சுத் தள்ளிவிடுறாங்க. தள்ளுமுள்ளில் அவரும் போறார், குப்பிகளும் உடையுது.

5/ கொள்ளைநோயில் கிருமி மட்டும் கொல்வதில்லை. மறைச்ச தகவலும் மிரண்ட கூட்டமும் சேர்ந்துதான் கொல்லும். கொரோனா சமயத்தில் நாமே பார்த்தோமே!

6/ அந்தப் படம் அப்போ ஓடலை. ஆனா பெரிய முதலாளி பின்னாடி இருந்திருந்தா இப்படி ஒரு முடிவை வைக்க விட்டிருப்பாங்களா? எனக்குச் சந்தேகம்தான். கைக்காசு போட்டுப் படம் எடுக்கிறவங்களுக்கு லாபம் வராம போகலாம். சொல்ல வந்ததை முழுசா சொல்லிடலாம்.

7/ ரொமேரோ 2017-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். ரத்தம் பார்க்கப் பயமா? பரவாயில்லை. பயந்துபோன மனுஷன் என்னவெல்லாம் செய்வான்னு தெரிஞ்சுக்கவாவது ஒருமுறை பாருங்க.