அடைபடாத தமனிகளின் வைத்தியர்

மாரடைப்பு வந்தவரைக் காப்பாற்றும் வித்தையில் நம் நாட்டு வைத்தியர்கள் அடைந்திருக்கும் தேர்ச்சியை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து விழுகிற ஒருவருக்கு, மணிக்கட்டின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைபட்ட தமனியைத் திறந்து, ஸ்டென்ட் பொருத்தி, சில நாட்களில் எழுந்து நடமாடச் செய்வது ஒரு காலத்தில் கனவிலும் நினைக்க முடியாத காரியமாயிருந்தது. இன்று அது மாவட்டத் தலைநகரங்களில்கூட நடக்கிறது. ஆனால் அதே மனிதர், அதற்குப் பதினைந்து வருஷங்களுக்கு முன்பே, இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருக்கிறது என்று சொல்லும் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போவதென்று தெரியாமல் நின்றிருப்பாரேயானால், அவருக்கு வழி சொல்லவென்றே பயின்ற வைத்தியர் நம் மருத்துவக் கல்லூரிகளில் எந்தத் துறையில் இருக்கிறார் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சங்கடமாகத்தான் இருக்கும்.

இருதய நோய்த் துறையைக் கேட்டால், அன்றாடம் வந்து குவியும் அவசர நோயாளிகளைக் கவனிக்கவே அவர்களுக்குப் பொழுது போதவில்லை. அவர்களுடைய பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதியும் குழாய் செலுத்தும் கேத் லேபிலும் இருதயத்தைப் படமெடுக்கும் எக்கோ அறையிலும் கழிந்துவிடுகிறது. நாளமில்லாச் சுரப்பித் துறையினரின் பொழுதை நீரிழிவும் தைராய்டும் எடுத்துக்கொண்டுவிட்டன. உயிர்வேதியியல் துறையினரோ, கெட்ட கொலஸ்ட்ராலைக் குறித்து அறிக்கையில் எல்.டி.எல். என்று அச்சாகும் எண் பல பரிசோதனைக் கூடங்களில் நேரே அளக்கப்படுவதன்று, 1972-இல் ஃப்ரீட்வால்டு வகுத்த சூத்திரத்தின்படி கணக்கிடப்படுவது, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தக் கணக்குப் பொய்த்துவிடும் என்பதையெல்லாம் நன்கறிந்தவர்கள். ஆயினும் அந்த எண்ணுக்கு உரியவரின் முகத்தை அவர்கள் பார்ப்பதில்லை. எம்.டி. பட்டத்துக்கு மேல் மூன்று வருஷம் படித்துப் பெறுகிற டி.எம். பட்டங்கள் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் இருக்க, கொழுப்புக் கோளாறுகளுக்கென்று அப்படியொன்று இங்கே கிடையாது. எல்லாத் துறைக்கும் பொதுவான விஷயம் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல், புறம்போக்கு நிலம்போலக் கிடக்கிறது.

இதற்குக் காரணம் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. கௌரவமும் திரவியமும் எங்கே போகின்றனவோ அங்கேதான் பயிற்சியும் போகும். வந்த ஆபத்தை நீக்கினவருக்கு நன்றி சொல்லச் சுற்றத்தார் திரண்டு நிற்பார்கள். வராமற்போன ஆபத்துக்கு மாலை போடுகிறவர் யாருமில்லை. காப்பீட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் ஸ்டென்ட்டுக்குப் பணம் கொடுக்கின்றனவே தவிர, அரைமணி நேரம் உட்கார்ந்து, தகப்பனார் எந்த வயதில் இறந்தார், சிற்றப்பாவுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரிக்கும் வைத்தியருக்குக் கொடுப்பதில்லை.

ஆனால் கொழுப்பைப் பற்றிய இந்தச் சாஸ்திரம் வளர்ந்ததே அவ்வித விசாரணையினால்தான். குதிகாலின் மேலுள்ள தசைநாணிலும் விரல் கணுக்களிலும் கொழுப்புக் கட்டிகளும், இரத்தத்தில் மிகுந்த கொலஸ்ட்ராலும், இளவயதில் இருதய நோயும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதைக் கவனித்து, இது பரம்பரையாக இறங்குகிற கோளாறு என்று 1938-இல் எழுதியவர் நார்வே தேசத்து வைத்தியரான கார்ல் முல்லர். எல்.டி.எல். துகள்களைப் பற்றி இழுத்துக்கொள்ளும் வாங்கிகள் உயிரணுக்களின் மேற்பரப்பில் இருக்கின்றன, அவை இல்லாமலோ குறைந்தோ போனவர்களுக்கே இந்தக் கோளாறு நேர்கிறது என்பதை அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்களான பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் கண்டுபிடித்து, 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பூஞ்சைகளை ஆயிரக்கணக்கில் சோதித்து, ஈரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியாவதைத் தடுக்கும் பொருளொன்றை 1973-இல் ஜப்பானில் கண்டவர் அகிரா எண்டோ. இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் மூலபுருஷர் அவர்தான். அம்மாத்திரை ஆயுளையும் நீட்டுமா என்ற ஐயத்தை, இருதய நோயுள்ள 4,444 பேரை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான சோதனை தீர்த்துவைத்தது: மாத்திரை உண்டவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்திருந்தது.

முல்லர் வர்ணித்த அந்தப் பரம்பரைக் கோளாறு அபூர்வமானதென்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். உலகத்தில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவருக்கு அது இருக்கிறது என்பது இப்போதைய கணிப்பு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இவர்கள் பருமனாக இருக்க வேண்டியதில்லை. புகையிலையைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுவதும் மரக்கறி உணவே உண்டிருக்கலாம். பிறந்த நாள் முதலே இரத்தத்தில் மிகுந்து ஓடும் எல்.டி.எல்., முப்பது நாற்பது வருஷங்களில் தன் வேலையை முடித்துவிடுகிறது. நாற்பது வயதில் ஒருவர் மாரடைப்பினால் மாண்டால், வேலைப் பளுவென்றும் கண் திருஷ்டியென்றும் பேசி ஓய்ந்துவிடுகிறோம். அவருடைய பன்னிரண்டு வயது மகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்று அந்த வீட்டாருக்கு யாராவது சொன்னார்களா?

சொல்லத்தான் வேண்டும் என்று நெதர்லாந்து தேசத்தார் தீர்மானித்தார்கள். 1994 முதல், கோளாறு உறுதிப்பட்ட ஒவ்வொருவருடைய உறவினரையும் தேடி, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுதோறும் சென்று இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அந்நாட்டிலேயே, இளம்பிராயத்தில் ஸ்டாட்டின் சிகிச்சை தொடங்கப்பட்ட 214 பேரை இருபது வருஷம் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியை நான் படித்தபோது, அதன் முடிவை மீண்டும் ஒருமுறை படித்தேன். இதே கோளாறுடைய அவர்களுடைய பெற்றோரில் 26 சதவீதம் பேருக்கு 39 வயதுக்குள் இருதய நோய் கண்டிருந்தது. பிள்ளைகளில் அதே வயதுக்குள் கண்டது 1 சதவீதம் பேருக்கு. ஒரே குடும்பம், ஒரே குறை. நடுவே நின்றது தக்க காலத்தில் கொடுக்கப்பட்ட ஒரு மாத்திரை.

நம்மவர் விஷயத்தில் அவசரம் இன்னும் அதிகம். 52 தேசங்களில் நடந்த இன்டர்ஹார்ட் ஆராய்ச்சியில், முதல் மாரடைப்பு நேரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53 என்றும், மற்றையோருக்கு 58.8 என்றும் தெரியவந்தது. போதாததற்கு, நார்வேயில் கோரே பெர்க் 1963-இல் கண்டறிந்த லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற துகள் நம்மவரில் கணிசமானோருக்குப் பிறவியிலேயே மிகுந்திருக்கிறது. நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் அதை அசைப்பதில்லை. ஸ்டாட்டினும் அதைக் குறைப்பதில்லை. வாடிக்கையான லிப்பிட் புரொஃபைல் பரிசோதனையில் அது தென்படுவதுமில்லை. ஆயுளில் ஒருமுறையாவது அதை அளந்துவிட வேண்டும் என்று இந்திய இருதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுநெறி கூறுகிறது. அளந்தபின் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அறிந்தவர்கள் இருந்தாலன்றோ அந்தக் கூற்றுக்குப் பயன்?

மாத்திரையைப் பற்றிய பயமும் ஒருபுறம் வளர்ந்துவருகிறது. ஸ்டாட்டின் தின்றால் கைகால் வலிக்கும் என்பது வாட்ஸப் வழியாக வீடுதோறும் பரவியிருக்கிறது. தசைவலி மெய்யாகவே சிலருக்கு வருவதுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பக்கவிளைவுகளினால் மாத்திரையை நிறுத்திவிட்ட 60 பேருக்கு, சில மாதம் மெய்மாத்திரையும் சில மாதம் போலிமாத்திரையும் சில மாதம் ஒன்றுமில்லாமலும் மாற்றி மாற்றிக் கொடுத்து லண்டனில் சோதித்தபோது, மெய்மாத்திரையினால் ஏற்பட்டதாகச் சொல்லப்பட்ட உபாதையில் 90 சதவீதம் போலிமாத்திரையிலும் ஏற்பட்டிருந்தது. 2020-இல் வெளியான இந்த உண்மையை, நோயாளியைப் பொய்யராக்காமல், அவர் வலியை ஏளனம் செய்யாமல், பக்குவமாக எடுத்துச் சொல்லி, அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ மீண்டும் தொடங்கச் செய்வது ஒரு தனிக்கலை. நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் இரண்டு நிமிஷத்தில் கைவருவதன்று.

அமெரிக்காவில் 2003 முதல், தேர்வு நடத்திக் கொழுப்பியல் வைத்தியர் என்று சான்றளிக்கும் குழு ஒன்று இயங்கிவருகிறது. அதைக் கண்டு, இங்கேயும் ஒரு புதிய டி.எம். பட்டத்தைத் தொடங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று சொல்வோருடன் நான் உடன்படவில்லை. அப்பட்டத்தைப் பெற்ற சிலரும் பெருநகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளிலேயே தங்கிவிடுவார்கள்; கொழுப்பைக் குறைக்க ஆறுமாதத்துக்கு ஒருமுறை போடும் விலையுயர்ந்த ஊசிகளுக்குச் சீட்டெழுதுவதே அவர்கள் தொழிலாகிவிடக்கூடும். சாதாரண வைத்தியர்களே கவனித்துக்கொள்ளக் கூடியதற்குத் தனிப் பயிற்சி எதற்கு என்று எதிர்ப்புறத்திலிருந்து கேட்பவர்களும் உண்டு. சாதாரணக் கொழுப்பை அவர்கள் கவனித்துக்கொள்ளலாம்தான். ஆனால் தைராய்டுக் குறையினால் ஏறிய எல்.டி.எல். எது, பரம்பரையாக வந்தது எது, கணையத்தை வீங்கச் செய்யப்போகும் டிரைகிளிசரைடு எது என்று பிரித்தறிய, சந்தேகம் வரும்போது அனுப்பிவைக்க ஓர் இடமாவது வேண்டாமா?

எம்.டி. முடித்த பொது மருத்துவர்களுக்கும் குழந்தை மருத்துவர்களுக்கும் ஒரு வருஷத்துப் பிரத்தியேகப் பயிற்சி போதுமானது. அதைத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமே நடத்தலாம். அதற்கு வேண்டிய அஸ்திவாரம் இந்த மாநிலத்தில் முன்பே போடப்பட்டிருக்கிறது. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மருந்துகளுடன் வீட்டுவாசலுக்கு வருகிறார்கள்; 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தின்படி, நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோப்பிடோகிரலுடன் அட்டோர்வாஸ்டாட்டினும் கொடுக்கப்படுகிறது. மாரடைப்பு வந்த அன்றைக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கத் துணிந்த அரசாங்கம், அதே மனிதரின் பிள்ளைகள் பெயரை அதே சீட்டில் எழுதி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் வாரத்துக்கொரு நாள் நடக்கும் கொழுப்புக் கிளினிக்குக்கு அனுப்பிவைப்பதற்குப் பெரும் திரவியம் வேண்டியதில்லை. வேண்டுவது, அந்தக் கிளினிக்கில் உட்காரும் வைத்தியருக்கு ஒரு பதவியும், அப்பதவிக்கு ஒரு பெயரும், பயிற்சி முடித்தவரை மறு வருஷமே வேறு பிரிவுக்கு மாற்றிவிடாத ஓர் அரசாணையும்.