முதல் தொகுப்புக்கு யார் பதில் சொல்வது?

2018-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் பயனர் ஒருவர் கனடாவின் இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றி ஒரு வரைவுக் கட்டுரை எழுதி ஒப்புதலுக்கு அனுப்பினார். தனிக் கட்டுரைக்குரிய தகுதியை, அதாவது குறிப்பிடத்தக்கமையை, நிறுவும் மேற்கோள்கள் போதவில்லை என்று அது திருப்பி அனுப்பப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று ஸ்ட்ரிக்லண்டுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்த நேரத்தில் உலகின் மிகப் பெரிய கலைக்களஞ்சியத்தில் அவருக்கென ஒரு பக்கம் இல்லை. மறுத்தவர் விதியை மீறவில்லை, விதிப்படிதான் நடந்தார். ஆனால், ஸ்ட்ரிக்லண்ட் 2013-இல் அமெரிக்காவின் ஒளியியல் கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். சற்றே தேடியிருந்தால் இன்னும் இரண்டு மேற்கோள்கள் கிடைத்திருக்கும். வரைவை எழுதியவரிடம் “இதையும் சேருங்கள்” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

புதியவர்களை வரவேற்பதை விக்கிப்பீடியர்களாகிய நாம் பண்பாடு சார்ந்த விஷயமாகவே பேசிவருகிறோம். அது கலைக்களஞ்சியத்தின் உள்ளடக்கத்தையே தீர்மானிக்கும் வேலை என்பதுதான் ஸ்ட்ரிக்லண்ட் கதை காட்டும் உண்மை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து தொகுப்போரின் எண்ணிக்கை 2007-இல் உச்சத்தைத் தொட்டு, பிறகு பல ஆண்டுகள் சரிந்தது. ஏரன் ஹாஃபேக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தைத் தேடியது. நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் தொகுப்புகள், அதாவது அவர்கள் செய்த மாற்றங்கள், முன்பைவிட அதிகமாக மீளமைக்கப்பட்டன, பழைய நிலைக்கே திருப்பப்பட்டன. விஷமிகளைத் தடுக்க உருவாக்கிய அரைத் தானியங்கிக் கருவிகள் இவர்களையும் சேர்த்தே அடித்தன. அப்படி அடிபட்டவர்கள் நிலைக்கவில்லை. “புதியவர்களைக் கடிக்காதீர்கள்” என்ற வழிகாட்டல் அங்கே முன்பே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுதிவைத்த நல்ல விதி, ஒரு சொடுக்கில் மீளமைக்கும் பொத்தானுக்கு முன்னால் நிற்கவில்லை.

ஆங்கிலம் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். போனவர் இடத்துக்கு இன்னொருவர் வருவார். தமிழால் முடியாது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, அபுதாபியிலிருந்து எழுதிய மயூரநாதன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் இட்ட உழைப்பில் வளர்ந்து, 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. இத்தனை பெரிய களஞ்சியத்தைத் தொடர்ந்து பராமரிப்பவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்குப் பின் யார் என்ற கேள்விக்கான விடை, இன்று முதல் தொகுப்பைச் செய்யும் ஒருவரிடம் இருக்கிறது.

அந்த முதல் தொகுப்பு பெரும்பாலும் எப்படி இருக்கும்? சொந்த ஊர்க் கோயிலைப் பற்றி இருக்கும். “எங்கள் ஊரில் அமைந்துள்ள பழமையும் பெருமையும் வாய்ந்த திருக்கோயில்” என்று தொடங்கும். மேற்கோள் இருக்காது. பாதி, திருவிழாத் துண்டறிக்கையிலிருந்து எடுத்தது. எழுதியவர் கைபேசியில் தட்டச்சு செய்திருப்பார், சந்திப்பிழைகள் இருக்கும். சற்று நேரத்தில் கட்டுரையின் தலையில், அதை நீக்கப் பரிந்துரைக்கும் வார்ப்புரு ஏறும். காரணம் உரையாடல் பக்கத்தில் இருக்கும். அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாது. மறுநாள் வந்து பார்ப்பார், கட்டுரை இருக்காது. அவரும் அதன்பின் இருக்கமாட்டார்.

இதே கட்டுரையை ஒருவர் எழுதியவரின் சொந்தப் பயனர் வெளிக்கு நகர்த்தி, இப்படி எழுதினால் என்ன ஆகும்: “ஐயா, கோயில் தேரோட்டம் பற்றி நீங்கள் எழுதியது வேறெங்கும் இல்லாத தகவல். அதற்கு நாளிதழ்ச் செய்தி ஏதாவது இருந்தால் இணைக்கலாம். கல்வெட்டு இருப்பதாகச் சொல்கிறீர்கள். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் தேடிப் பார்ப்போம். ‘எங்கள் ஊர்’ என்பதை ஊர், வட்டம், மாவட்டம் என்று மாற்றியிருக்கிறேன், பாருங்கள்.” ஐந்தே வரிகள்தான். ஆனால் அவற்றை எழுத அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்திருக்க வேண்டும். வரவேற்பு வார்ப்புருவால் ஒருபோதும் செய்ய முடியாத காரியம் அது. தானாக வந்து விழும் வரவேற்புச் செய்தியை வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு.

நிருவாகிகளின் பக்கமும் நியாயம் உண்டு. சாதிப் பெருமைக் கட்டுரைகள், நடிகர்களின் ரசிகர் மன்றப் புகழுரைகள், தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்பவர்கள், இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுபவர்கள் என எல்லாவற்றையும் ஊதியமின்றித் துப்புரவு செய்பவர்கள் அவர்கள். ஆளுக்கு ஐந்து வரி எழுது என்று அவர்கள் தலையிலேயே இதையும் ஏற்றுவது அநியாயம். அதனால்தான் இது தனிப் பொறுப்பாக வேண்டும். ஆங்கிலத்தில் 2012-இல் தொடங்கிய ‘தேநீரகம்’ புதியவர்களின் கேள்விக்கு மட்டுமே ஆன இடம். 2018 முதல் செக், கொரிய மொழி விக்கிப்பீடியாக்களில் தொடங்கிய முயற்சி இன்னும் ஒரு படி மேலே போனது: புதியவருக்குச் சிறு சிறு வேலைகளைக் காட்டும் முகப்புப் பக்கம், கூடவே, பெயர் சொல்லிக் கேட்கத்தக்க ஒரு வழிகாட்டி. தமிழில் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கமும் உதவி கேட்க ஒத்தாசைப் பக்கமும் இருக்கின்றன. கேட்க வருபவருக்கு அவை போதும். கேட்கத் தெரியாதவரைத் தேடிப் போக ஆள் வேண்டும்.

பயிலரங்குகளுக்கும் இது பொருந்தும். 2017-இல் தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாப் பயிற்சி நடந்தது. கட்டுரைகள் குவிந்தன. பயிற்சி அறையில் பக்கத்தில் ஆள் இருக்கும்போது யாரும் எழுதிவிடுவார்கள். வீட்டுக்குப் போய் எழுதும் இரண்டாவது கட்டுரைக்கு யார் துணை என்பதே கேள்வி. பயிலரங்குக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது, அதன் பிறகான மூன்று மாதங்களுக்கு ஒதுக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஒவ்வொருவருக்கும் யார் வழிகாட்டி என்பதைப் பயிலரங்கு முடியும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

விக்கிப்பீடியாவில் ஓராண்டாவது எழுதிய அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் புதிய கட்டுரை ஒன்றைத் தள்ளிவையுங்கள். அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்து, பயனர் பேச்சுப் பக்கத்தில் வரவேற்பு வார்ப்புருவைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒருவரைத் தேடுங்கள். அவர் எழுதியதைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, அவருக்கு எழுதுங்கள்.