கழற்றி மாட்டும் நினைவகம்

ரேம் பட்டை ஸ்லாட்டில் சரியாக அமராத கணினி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் அடம்பிடிக்கும். பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். மதர்போர்டில் குட்டி ஸ்பீக்கர் இருந்தால் அது கூவும். எத்தனை கூவலுக்கு என்ன பொருள் என்பது கணினியைத் தொடக்கும் மென்பொருளான பயாஸைப் பொறுத்தது. பழைய அவார்டு பயாஸில் நீண்ட ஒலி விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டால் சிக்கல் நினைவகத்தில். புதிய போர்டுகளில் கூவலுக்குப் பதிலாக ‘டிராம்’ என்ற எழுத்தருகே ஒரு விளக்கு எரியும்.

1955-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஹெச்இசி-2எம் வந்தபோது இந்தத் தொல்லை இல்லை. நாட்டுக்கு வந்த அந்த முதல் டிஜிட்டல் கணினியின் நினைவகம், சுழலும் காந்த உருளை. அதைக் கழற்றி மாட்டும் பேச்சே கிடையாது. வேண்டியபோது பிடுங்கி வேண்டிய இடத்தில் செருகலாம் என்ற வசதி பிறகு வந்தது. செருகும் இடமெல்லாம் கோளாறுக்கும் இடமானது.

கொல்கத்தாவில் அந்தக் கோளாறுக்கு முதல் காரணம் காற்றின் ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நகரமே நனைந்த துணி போலிருக்கும். துர்கா பூஜைக்குச் சில நாள் பூட்டிக் கிடந்த அலுவலகத்தில், நன்றாக ஓடிய கணினிகூடத் திறந்த அன்று கறுப்புத் திரை காட்டலாம். பட்டையின் தங்க முலாம் பூசிய விளிம்பிலும் ஸ்லாட்டின் ஊசிகளிலும் ஈரமும் தூசியும் சேர்ந்து மெல்லிய படலமாகி, மின் தொடர்பைக் கெடுக்கின்றன. அந்நகரின் சாந்தினி சவுக் தொடங்கி சென்னை ரிச்சி தெரு வரை இதற்குக் கைகண்ட வைத்தியம் ஒன்றுதான்: பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் விளிம்பைத் தேய்ப்பது. பலன் உண்டு, ஆனால் விலையும் உண்டு. முலாம் மிக மெல்லியது. ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் போகும், ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழுந்தால் புதுக் கோளாறு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியே மேல். அதற்கும் முன்னால், பட்டையை எடுத்து மறுபடி செருகினாலே போதும் என்ற நிலைதான் அதிகம்.

செருகும் முறையில்தான் பலர் வழுக்குகிறார்கள். மின்கம்பியைப் பிடுங்கியபின் பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தினால் மிச்ச மின்சாரம் வடியும். அடுத்து, உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்க கேபினட்டின் உலோகத்தைத் தொட வேண்டும். மழைக்கால ஈரத்தில் நிலைமின்சாரம் குறைவு. டிசம்பர், ஜனவரியின் உலர்ந்த காற்றில் அப்படி நம்ப முடியாது. பட்டையின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்தட்டும். பிறகு இரு முனையையும் கட்டைவிரலால் அழுத்தினால் கொக்கி ‘டக்’கென்று பூட்டும். போர்டு லேசாக வளைவதைக் கண்டு பயந்து பாதியில் கையை எடுப்பதே வழக்கமான பிழை. சில போர்டுகளில் கொக்கி ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். மறுமுனை ஏறாமல் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

வெட்டு பொருந்தவே இல்லையென்றால் அது வேறு தலைமுறைப் பட்டை. டிடிஆர்3-க்கு 240 முனைகள், 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 288 முனைகள், 1.2 வோல்ட். டிடிஆர்5-க்கும் 288 தான், ஆனால் வெட்டின் இடம் வேறு, மின்னழுத்தம் 1.1 வோல்ட். அழுத்தி ஏற்றப் பார்த்தால் ஸ்லாட்தான் உடையும். மலிவாகக் கிடைக்கும் பழைய பட்டைகளில் சில ஏஎம்டி போர்டுகளில் மட்டுமே ஓடும் ரகம். இன்டெல் போர்டு அவற்றைக் கண்டுகொள்ளாது.

நன்றாக அமர்ந்தும் திரை வரவில்லையென்றால் ஒரு பட்டை, ஒரு ஸ்லாட் என்று சோதிக்க வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது முதலில். இரண்டு பட்டை என்றால் இரண்டாவதும் நான்காவதும். எல்லா ஸ்லாட்டிலும் தோற்கும் பட்டை கெட்டது. எல்லாப் பட்டையும் தோற்கும் ஸ்லாட்டில், குற்றம் போர்டிலோ பிராசசரின் வளைந்த ஊசியிலோ இருக்கும். குளிர்விப்பானை அளவுமீறி முறுக்கினாலும் ஒரு பக்கத்து ஸ்லாட்டுகள் செத்ததுபோல் ஆகும்.

டிடிஆர்5 போர்டுகளில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. புதுப் பட்டையோடு முதல் முறை இயக்கும்போது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ள போர்டு சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்புதான். பொறுமையிழந்து அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். காத்திருந்தும் வராவிட்டால், காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைச் சற்று நேரம் எடுத்துவைத்துப் பழைய அமைப்பை அழிக்கலாம்.

திரை வந்தும் அளவு குறைந்து தெரிவது தனிக் கதை. 8 ஜிபி போட்டும் மூன்று சொச்சமே பயன்படுகிறது என்றால், பெரும்பாலும் அது 32 பிட் விண்டோஸ், பட்டை நிரபராதி. பாதி அளவுதான் தெரிந்தால் ஒரு பட்டை சரியாக அமரவில்லை.

நாள் முழுக்க ஓடிவிட்டு திடீரென நீலத்திரை காட்டும் கணினிக்கு மெம்டெஸ்ட்86 என்ற நினைவகச் சோதனை நிரல். பென் டிரைவிலிருந்து இயக்கி இரவு முழுக்க விட வேண்டும். பிழை காட்டினால் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற கூடுதல் வேக அமைப்பை அணைத்து மறுபடி ஓட்ட வேண்டும். வேகத்தைக் குறைத்ததும் பிழை மறைந்தால் அந்த வேகம்தான் தாங்கவில்லை. அப்போதும் பிழை வந்து, வேறு ஸ்லாட்டிலும் அதே பட்டையைப் பின்தொடர்ந்தால், அதன் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் பில்லோடு வாங்கிய கடைக்கே எடுத்துப் போகலாம். பல நிறுவனங்கள் ரேமுக்கு ஆயுள் வாரண்டி தருகின்றன.